பல கைகள், ஒரு நூல்: விக்கிமூலத்தில் மெய்ப்புப் பணியைப் பகிர்ந்துகொண்ட பதிவு

பல பேர் சேர்ந்து ஒரு பழைய நூலை மின்வடிவாக்கும்போது, எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) தரும் பிழைகளைவிட எந்தப் பக்கம் யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் போவதே பெரிய தொல்லை. கோப்புகளை மின்னஞ்சலில் சுற்றவிட்டு வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று. 1920களில் சென்னையில் அச்சான, முந்நூறு பக்கங்களுக்குச் சற்று மேற்பட்ட ஓர் உரைநடைக் கட்டுரைத் தொகுப்பை எங்கள் சிறு குழு, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றி முடித்தது. அங்கு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள உதவிய மென்பொருள் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் எங்களிடம் விட்டது என்பதை, அடுத்து இறங்குவோருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேறு கருவிகளையும் பார்த்தோம். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் 2004 வாக்கில் தொடங்கப்பட்ட கூபி என்ற மென்பொருளும், அதன் வழிவந்து 2016இல் கிட்டோடோ என்று பெயர் மாறிய மென்பொருளும் இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. அவற்றில் வருடல், தரம் பார்த்தல், நூல்விவரம் சேர்த்தல், வெளியீடு என ஒவ்வொரு கட்டமும் ஒரு பணியாக வரையறுக்கப்படுகிறது. ஒருவர் ஒரு பணியை எடுத்துக்கொண்டால் அது அவர் பெயரில் பூட்டப்படும். பிழை தென்பட்டால் குறிப்பெழுதி முந்தைய கட்டத்துக்கே திருப்பி அனுப்பலாம். வருடும் அறையும் சம்பளப் பணியாளர்களும் உள்ள பெரிய நூலகத்துக்கு அது பொருந்தும். வழங்கிக் கணினியைப் பராமரிக்க ஆளில்லாத, மாலை வேளைகளில் மட்டும் கூடும் ஒரு குழுவுக்கு அது சுமை. 2000இல் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் தளத்தின் முறை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. மெய்ப்புக்கு மூன்று சுற்றுகள், வடிவமைப்புக்கு இரண்டு சுற்றுகள், அதன்பின் ஒருவர் நூல் முழுவதையும் தொகுத்து முடித்தல் என்று அது நடக்கிறது. பக்கத்தைக் கேட்டால் மென்பொருளே அடுத்த பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். ஆனால் அங்கே பணி முடிந்த நூல்கள் குட்டன்பெர்க் திட்டம் என்ற மின்னூலகத்துக்குச் செல்கின்றன. தமிழில் தேடுபவர் எளிதில் சென்றடையும் இடத்தில் நூல் இருக்க வேண்டும் என்பதும், அச்சுப் பக்கத்தின் படம் உரையின் பக்கத்திலேயே என்றும் நிற்க வேண்டும் என்பதும் எங்கள் விருப்பமாக இருந்ததால் விக்கிமூலத்தைத் தேர்ந்தோம்.

காப்புரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. ஆனால் விக்கிமூலம் பயன்படுத்தும் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் கோப்பை ஏற்றுவதற்கு அமெரிக்காவிலும் அது பொதுவுடைமையாக இருக்க வேண்டும். எங்கள் நூலாசிரியர் 1930களில் மறைந்தவர் என்பதால், அங்கே அளவுகோலாகக் கொள்ளப்படும் 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் அவர் நூல்களின் காப்புரிமை முடிந்துபோயிருந்தது. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல் என்றால் வழி வேறு. அதை இங்கே விவரிக்கவில்லை.

விக்கிமூலத்தில் இந்தப் பணியை இயக்குவது ப்ரூஃப்ரீட்பேஜ் என்ற நீட்சி, அதாவது விக்கி மென்பொருளோடு இணையும் துணைநிரல். பொதுவகத்தில் ஏற்றிய பிடிஎஃப் கோப்பின் பெயரிலேயே ‘அட்டவணை’ பெயர்வெளியில் (தளத்தின் தனிப்பிரிவில்) ஒரு பக்கம் உருவாக்கினால், கோப்பின் ஒவ்வொரு தாளுக்கும் ‘பக்கம்’ பெயர்வெளியில் ஓர் இடம் கிடைக்கும். அதைத் திறந்தால் ஒருபுறம் உரைப்பெட்டியும் மறுபுறம் அச்சுப்படமும் தெரியும். அடியில் ஐந்து நிறங்களில் ஐந்து நிலைகள் உள்ளன. உரை இல்லாத வெற்றுத்தாளுக்குச் சாம்பல், மெய்ப்புப் பார்க்கப்படாததற்குச் சிவப்பு, சிக்கலானதற்கு நீலம், ஒருவர் மெய்ப்புப் பார்த்ததற்கு மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்ததற்குப் பச்சை. அட்டவணையைத் திறந்ததும் முந்நூறு எண்களும் இந்த நிறங்களில் விரிந்து நிற்பதால், குழுவின் நிலையைத் தனியே யாரும் கணக்கெழுத வேண்டியதில்லை.

அட்டவணையில் முதலில் செய்ய வேண்டியது பக்க எண்களைப் பொருத்துவது. கோப்பின் முதல் தாள் மேலட்டை, பிறகு வெற்றுத்தாள்கள், முன்னுரைக்கு ரோமன் எண்கள், அதற்குப் பிறகே நூலின் முதல் பக்கம். இதைப் பேஜ்லிஸ்ட் குறியீட்டில் முன்கூட்டியே சரியாக எழுதிவிட்டால், குழுவில் ஒருவர் ‘47ஆம் பக்கம்’ என்று சொல்லும்போது எல்லோருக்கும் அச்சில் 47 என்று போட்டிருக்கும் பக்கமே நினைவுக்கு வரும். கோப்பின் 47ஆம் தாளைத் தேடிப் போய்க் குழம்ப நேராது. அதே அமர்வில் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, விடுபட்ட பக்கம், இரட்டித்த பக்கம், ஓரம் வெட்டுப்பட்ட பக்கம் இவற்றையும் பார்த்து முடிப்பது நல்லது. மெய்ப்பு தொடங்கிய பிறகு ஒரு தாளை இடையில் நுழைத்தால், அதற்குப் பின்னுள்ள எல்லாப் பக்கங்களின் எண்களும் ஒன்று தள்ளிப்போகும். உரை ஓரிடம், படம் ஓரிடம் என்று நிற்கும்.

அடுத்தது எழுத்துணரி. இண்டர்நெட் ஆர்க்கைவில் கிடைத்த பிடிஎஃபின் உள்ளே இருந்த உரை அடுக்கு எங்களுக்குப் பயன்படவில்லை. அந்தத் தளம் 2020க்கு முன் பயன்படுத்திய எழுத்துணரி தமிழை அறியாது. டெசராக்ட் என்ற எழுத்துணரிக்கு மாறிய பிறகே தமிழ் நூல்களுக்கு உரை கிடைக்கத் தொடங்கியது. விக்கிமூலத் தொகுப்புப் பெட்டியிலேயே உள்ள பொத்தானை அழுத்தினால் கூகுள், டெசராக்ட் போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்து படத்திலிருந்து உரையை எடுக்கலாம். எங்கள் நூலின் பழைய அச்சுக்குக் கூகுளே மேலாக இருந்தது. பொருளடக்கம் போல இரு பத்திகளாக அச்சானவற்றில் மட்டும் அது வரிகளைக் கலந்துவிட்டது. அங்கே படத்தின் ஒரு பாதியை மட்டும் வெட்டிக் கொடுத்து எடுத்தோம்.

பழைய அச்சில் எழுத்துணரி செய்யும் பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போல் கொம்பு ஏறிய வடிவிலும் அச்சாயின. யூனிகோடில் இரு வடிவங்களுக்கும் குறியெண் ஒன்றுதான் என்பதால், பழைய வடிவைக் காப்பதா புதியதாக மாற்றுவதா என்ற விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் எழுத்துணரி அவற்றைப் பார்த்து ‘ஆனால்’ என்பதை ‘ஆனுல்’ என்றும், ‘என்றால்’ என்பதை ‘என்ருல்’ என்றும், ‘காணாமல்’ என்பதை ‘காணுமல்’ என்றும், ‘தன்னை’ என்பதை ‘தன்னே’ என்றும் எழுதிவைக்கும். இதோடு காலும் ரகரமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வரும். ஔகாரக் குறி ளகரமாகி, ‘சௌகரியம்’ என்பது ஒற்றைக்கொம்பும் சகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும்; கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும் தேடலில் சிக்காது.

பிழை ஒழுங்காக வருவதால் தானியங்கியை (பக்கங்களைத் தானே திருத்தும் நிரலை)க் கொண்டு மொத்தமாக மாற்றிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு வரம்பு கட்டியதே இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது. மாற்ற வேண்டிய சொற்களை இரு பட்டியல்களாகப் பிரித்தோம். ‘ஆனுல்’, ‘என்ருல்’ போலத் தமிழில் இல்லாத வடிவங்கள் முதல் பட்டியல். அவற்றைத் தானியங்கி மாற்றலாம். ‘அவனே’, ‘என்னே’ போன்றவை இரண்டாம் பட்டியல். ‘அவனே வந்தான்’ என்பதும் சரி, ‘அவனை அழைத்தான்’ என்பதும் சரி. ‘என்னே வியப்பு’ என்று ஆசிரியர் வியந்திருக்கும் இடத்தில் தானியங்கி புகுந்தால் ‘என்னை வியப்பு’ என்றாகும். இவற்றைக் கண்ணால் மட்டுமே தீர்மானிக்க முடியும். ஔகாரத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கெளுத்தி மீனைப் பற்றி எழுதிய ஒரு பத்தியில் அந்த விதி குருட்டுத்தனமாக ஓடினால் மீனின் பெயரே உடைந்துவிடும் என்பதால், ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று விதியில் சேர்த்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தானியங்கி சிவப்புப் பக்கங்களில் மட்டுமே ஓடலாம், ஒரு மனிதர் மஞ்சளாக்கிய பக்கத்தை அது தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். இயந்திரம் மனிதருக்கு முன்னால் வேலை செய்தால் உதவி; பின்னால் வந்து திருத்தினால் அதைச் சரிபார்க்க இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார்.

இனி வேலைப் பங்கீடு. இங்கேதான் ப்ரூஃப்ரீட்பேஜின் எல்லை தெரிகிறது. ஒரு பக்கம் எந்த நிலையில் உள்ளது என்பதை அது அறியும். அந்தப் பக்கத்தை இந்த நிமிடம் யார் திறந்து வைத்திருக்கிறார் என்பதை அறியாது. கூபியில் உள்ளது போன்ற பூட்டு இதில் இல்லை. இருவர் ஒரே பக்கத்தைத் திறந்து அரைமணி நேரம் உழைத்தால், முதலில் சேமித்தவரின் திருத்தம் நிற்கும். மற்றவருக்குத் தொகுப்பு முரண் என்ற திரை வரும். ஆகவே பூட்டை நாங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அட்டவணையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரிசை எழுதி, ஒவ்வொருவரும் ஒரு நேரத்தில் ஒரு பாரத்தை, அதாவது 16 பக்கங்களை, தம் பெயரிட்டு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அச்சகத்தார் மடித்த அதே பாரத்தையே அலகாகக் கொண்டதில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் அச்சகத்தின் சிறிய பார எண் இருக்கும். எழுத்துணரி அதையும் உரையோடு சேர்த்துவிடும். எல்லை அங்கே என்று தெரிந்திருப்பதால் அதை நீக்க மறப்பதில்லை. எடுத்த பாரத்தில் இரண்டு வாரம் அசைவில்லை என்றால் பெயரை யார் வேண்டுமானாலும் நீக்கலாம் என்றும் எழுதினோம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தன்னார்வப் பணியில் பின்தங்கியவருக்கு நினைவூட்டல் அனுப்புவதைவிட, அவர் வருத்தமின்றி விலகிக்கொள்ள வழி வைப்பதே மரியாதை.

அசைவைக் கவனிப்பதற்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. அட்டவணைப் பக்கத்தில் நின்று ‘தொடர்பான மாற்றங்கள்’ என்பதைச் சொடுக்கினால் அந்த நூலின் எல்லாப் பக்கங்களிலும் அண்மையில் யார் என்ன செய்தார் என்பது ஒரே பட்டியலாக வரும். காலையில் ஒருமுறை அதைப் பார்ப்பது மட்டுமே ஒருங்கிணைப்பாளரின் வேலையாக இருந்தது.

இந்த மென்பொருளின் உண்மையான பலம் ஒரே ஒரு விதியில் இருக்கிறது என்பது என் கருத்து. மஞ்சளாக்கியவரே அப்பக்கத்தைப் பச்சையாக்க முடியாது. கணக்கில் நுழையாத ஒருவர் நிலையை மாற்றவே முடியாது. இரண்டாவது கண் கட்டாயம் என்பதை வேண்டுகோளாக விட்டுவிடாமல் மென்பொருளே நிறைவேற்றுகிறது. ஆயினும் அதில் ஓர் இடுக்கு உண்டு. இரண்டாமவர் பக்கத்தைத் திறந்து பத்தி முழுவதையும் மாற்றி எழுதிவிட்டு, அதே சேமிப்பில் பச்சையையும் அழுத்தலாம், மென்பொருள் தடுக்காது. அப்போது அவர் எழுதிய பகுதியை அவரைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே ஒன்றிரண்டு எழுத்துகளுக்கு மேல் திருத்த நேர்ந்தால் பச்சையாக்கக்கூடாது, பக்கத்தைச் சிவப்புக்கு இறக்கிச் சேமித்து, பிறகு தம் பெயரில் மஞ்சளாக்கி, பச்சையை இன்னொருவருக்கு விட வேண்டும் என்று எழுதினோம். ஒரே இருவர் எப்போதும் ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்ப்பதையும் தவிர்த்தோம். ஒருவருடைய பிழைக்கு மற்றவரின் கண் விரைவில் பழகிப்போகிறது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். நன்கு தமிழ் கற்றவர்கள் மெய்ப்புப் பார்ப்பதால் வரும் சிக்கல், கல்லாதவர்கள் பார்ப்பதால் வருவதிலிருந்து வேறானது. அச்சில் வல்லொற்று இல்லாத இடத்தில் அவர்கள் கை தானாக ஒற்றைச் சேர்க்கும். ‘சுவற்றில்’ என்று அச்சாகியிருந்தால் ‘சுவரில்’ என்று மாற்றும். ‘ஒரு அரசன்’ என்பதை ‘ஓர் அரசன்’ ஆக்கும். சேர்த்து அச்சிட்ட சொற்களைப் பிரித்து எழுதும். “ஐயா, படத்தில் அந்த ‘ச்’ இல்லையே” என்று ஒரு மாணவர் கேட்டதற்கு, “இல்லைதான் தம்பி, இருந்திருக்க வேண்டும்” என்று தமிழாசிரியர் சொன்ன பதிலில் நியாயம் உண்டு. ஆனால் படத்தோடு உரையை ஒப்பிட்டுப் பார்க்க வாசகருக்கு வழி இருக்கும் ஒரு மின்னூலகத்தில், அச்சில் உள்ளது அப்படியே இருப்பதுதான் பயன். 1920களில் ஒற்று எப்படி இடப்பட்டது என்று பின்னால் ஒருவர் ஆராய விரும்பினால், நாங்கள் திருத்திய நூல் அவருக்குப் பொய் சொல்லும். ஆகவே விதி ஒரே வரியில் எழுதப்பட்டது: அச்சில் உள்ளபடி; வெளிப்படையான அச்சுப்பிழைக்கு மட்டும், மூலவடிவை மாற்றாமல், பிழை சுட்டும் வார்ப்புரு (ஆயத்தக் குறியீடு). அந்தத் தமிழாசிரியரே பின்னர் இவ்விதியின் கண்டிப்பான காவலராகிவிட்டார்.

இவற்றையெல்லாம் அட்டவணையின் பேச்சுப் பக்கத்திலேயே வைத்தோம். வாட்ஸாப் குழுவில் பேசி முடிவானாலும், பேச்சுப் பக்கத்தில் ஏறாத வரை அது விதியாகாது என்பதில் உறுதியாக இருந்தோம். ‘ஸ்ரீ’ என்பதை எந்தக் குறியெண் வரிசையில் இடுவது என்பது போன்ற சின்ன முடிவுகளுக்குத்தான் இது மிகவும் தேவைப்பட்டது. கிரந்த எழுத்தான ‘ஶ’ யூனிகோடில் 2005இல் சேர்ந்ததால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ஸ்ரீ’யும் ‘ஶ்ரீ’யும் உள்ளே வெவ்வேறு. விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறுபடும். தமிழ் எண்களும் அப்படியே. ‘௧’ என்ற எண்ணும் ‘க’ என்ற எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றம் உடையவை. எழுத்துணரி எப்போதும் எழுத்தையே இடும். கொகரத்தை இரண்டு துண்டாகத் தட்டச்சு செய்தாலும் ஒன்றாகச் செய்தாலும் விக்கி மென்பொருள் தானே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவதால் அதற்கு மட்டும் விதி தேவைப்படவில்லை.

எதிர்பாராமல் நேரம் பிடித்த இடம் பக்கங்களின் மூட்டு. பக்கங்களைக் கோத்து அத்தியாயமாக்கும்போது, மென்பொருள் ஒரு பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்த பக்கத்தின் முதற் சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி விடும். ஆங்கில நூல்களில் சொல் உடைந்தால் வரி முடிவில் சிறுகோடு இருக்கும்; பக்கத்தின் இறுதியில் சிறுகோட்டைக் கண்டால் மென்பொருள் அதை நீக்கி இரு பாதிகளையும் ஒட்டிவிடும். தமிழ் அச்சில் சொல்லைக் கோடின்றி எந்த எழுத்திலும் உடைப்பது வழக்கம். ஆகவே ‘வந்திருந்’ என்று ஒரு பக்கமும் ‘தார்கள்’ என்று மறுபக்கமும் நின்றால், அத்தியாயத்தில் அது ‘வந்திருந் தார்கள்’ என்றே வரும். பக்கம் பக்கமாகப் பார்ப்பவருக்கு இரண்டுமே சரியாகத் தெரிவதால் மஞ்சளும் பச்சையும் இதைப் பிடிக்காது. சொல்லின் இரு பாதிகளுக்கும் தனித்தனி வார்ப்புரு இடும் முறையைவிட, பக்க இறுதியில் நாங்களே ஒரு சிறுகோடு சேர்ப்பது எளிதாக இருந்தது. அச்சில் இல்லாத ஒன்றை உரையில் சேர்க்கிறோம் என்பதால் இதையும் விதிப்பக்கத்தில் விதிவிலக்காகப் பதிந்தோம். ஒருவர் எடுத்த பாரத்தின் கடைசிப் பக்கத்தை முடிக்கும்போது அடுத்த பாரத்தின் முதல் வரியையும் பார்ப்பது அவர் கடமை என்றானது. மேற்கோள் செய்யுள்கள் பக்க எல்லையில் உடையும்போதும் இதே கவனம் வேண்டும். செய்யுள் குறியீட்டை முதல் பக்கத்தில் மூடி அடுத்ததில் மீண்டும் திறக்காவிட்டால் அடிகள் உரைநடையாகக் கொட்டிவிடும்.

பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் தலைப்பகுதிப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அங்கே இருப்பவை அத்தியாயத்தில் வராது. தலைப்புகளின் அளவு, செய்யுளின் உள்தள்ளல் ஆகியவற்றை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதாமல், அட்டவணையின் கீழ் ஒரு நடைத்தாளில் (தோற்ற விதிகளுக்கான பக்கத்தில்) ஒருமுறை எழுதினால் போதும். இது நேரத்தை மிச்சப்படுத்துவதோடு, ஆளுக்கொரு பாணி வருவதையும் தடுக்கிறது.

கோக்கும் வேலையை ஒருவரிடமே விட்டோம். அட்டவணைப் பெயரையும் தொடக்க, முடிவுப் பக்கங்களையும் ஒரு வரியில் கொடுத்தால் அத்தியாயம் வந்துவிடும். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு கட்டுரை முடிந்து மற்றொன்று தொடங்கினால் அப்பக்கத்தைப் பகுதிகளாகப் பெயரிட்டுப் பிரிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் பச்சையாகும் வரை காத்திராமல், மஞ்சளானதுமே கோத்துப் பார்த்தோம். அத்தியாயமாகத் தொடர்ந்து படிக்கும்போது மூட்டுப் பிழைகளும் விடுபட்ட வரிகளும் கண்ணில் பட்டன. அவை மூலப் பக்கத்தில் திருத்தப்பட்ட உடனே அத்தியாயத்திலும் சரியாகின. அதன் பிறகே மின்னூல் கோப்பை இறக்கி ஒரு பழைய கைப்பேசியிலும் ஒரு படிப்பானிலும் திறந்து பார்த்தோம். பொருளடக்க வரிசையில் ஓர் அத்தியாயத்தின் இணைப்பு விடுபட்டால் மின்னூலில் அந்த அத்தியாயமே இடம்பெறாமல் போகலாம் என்பதால், நூலின் முதற்பக்கத்தில் எல்லா அத்தியாயங்களுக்கும் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இறுதிப் பட்டியலில் உள்ளது.

எங்கள் அட்டவணையில் இப்போது இரண்டு பக்கங்கள் நீலமாக நிற்கின்றன. வருடிய படியில் அவற்றின் மேல்மூலை கிழிந்திருந்தது. ஊகித்து நிரப்ப வேண்டாம் என்று விட்டோம். வேறொரு படியிலிருந்து அந்த இரண்டு பக்கங்களின் படம் கிடைத்தால், அவற்றைப் பிடிஎஃபில் அதே இடத்தில் மாற்றி வைத்து, தாள்களின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை என்பதை உறுதிசெய்த பிறகு, பொதுவகத்தில் அதே பெயரில் புதிய பதிப்பாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் பழைய படமே தெரிந்தால் கோப்புப் பக்கத்தின் இடைமாற்றை (தற்காலிகமாகச் சேமிக்கப்பட்ட பழைய நகலை) நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அவ்விரு பக்கங்களையும் சிவப்புக்கு மாற்றி, வழக்கம்போல இருவர் பார்க்க வேண்டும். இந்தச் செய்முறையும் பேச்சுப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. படியை வைத்திருப்பவர் எங்களில் யாரையும் அறியாதவராக இருந்தாலும் அவரே செய்து முடிக்கலாம்.